ஒரு கேள்வி தள்ளி

கல்லூரியில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் முற்றுப்புள்ளி. அது அவளுக்கும் தெரியும். ஆங்கில இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. யார் எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் முடித்துவைப்பவள் அவள்தான். "மேடம், நேத்து நான் ஏன் வரலைன்னா..." என்று ஒருத்தி ஆரம்பித்தால், "பஸ் வரலை, சரி, உட்காரு" என்று முடித்துவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனால் அந்தப் பழக்கத்தை அவள் குறையாக நினைத்ததே இல்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் எண்ணியிருந்தாள்.

முதலாண்டு மாணவர்களுக்கு அவள் எடுத்த பாடம் ஆங்கில இலக்கணமும் மொழியியல் அறிமுகமும். முதல் பாதியில் எழுவாய், வினை, காலம் என்று எல்லாரும் நடத்துகிற சரக்கு. இரண்டாம் பாதி, மனிதர்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்பது. அந்தப் பாதியின் மேல் அவளுக்கு உயிர். பாடப்புத்தகத்தில் வருகிற உரையாடலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "எப்படி இருக்கிறாய்? நலமாக இருக்கிறேன், நன்றி. இப்படி எந்த ஜீவனாவது பேசி நீங்க கேட்டிருக்கீங்களா?" என்பாள். வகுப்பு சிரிக்கும்.

பிறகு பயிற்சி கொடுப்பாள். ஒரு வீட்டுப் பேச்சின் ஒலிப்பதிவு. ஆங்கிலத்தில் அல்ல, சொந்த மொழியில்; தன் மொழியையே காது கொடுத்துக் கேட்காதவனுக்கு இன்னொரு மொழியின் இலக்கணம் எங்கே ஏறப்போகிறது என்பது அவள் கட்சி. கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும். திருத்தக்கூடாது. இருமல், மௌனம், 'ம்', தட்டு நகர்கிற சத்தம் எல்லாம் எழுத்தில் வர வேண்டும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு கேள்வியிலிருந்தும் அதன் பதிலுக்கு ஓர் அம்புக்குறி போட வேண்டும்.

"கேள்வியும் பதிலும் ஜோடி. ஒண்ணு வந்தா இன்னொண்ணு உடனே வந்தாகணும். நடுவுல இருக்கிற நேரம் கண் சிமிட்டறதுக்குக்கூடப் பத்தாது. அதுக்கு மேல ஒருத்தர் பேசாம இருந்தா நாம என்ன நினைப்போம்? கேக்கல, இல்ல புரியல, இல்ல இஷ்டம் இல்லை. மூணுல ஒண்ணு" என்று விரல் விட்டுச் சொல்வாள். வருடா வருடம் இதையே சொல்வாள். மாணவர்களும் வருடா வருடம் எழுதிக்கொள்வார்கள்.

இந்த வருடம் புதிய ஒலிப்பதிவு தயார் செய்ய அவளுக்கு நேரமில்லை. வீட்டில் அப்பா பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இரவுச் சாப்பாட்டின்போது கைபேசியை உப்பு டப்பா மேல் சாய்த்து வைத்துப் பதிவு செய்தாள். "உன் காலேஜுக்கு எங்க வாய்தான் கிடைச்சுதா?" என்று அண்ணன் கேட்டான், தடுக்கவில்லை. பதிவை அவள் திரும்பக் கேட்கவில்லை. பேசுகிறவர்களுக்கு அ, ஆ, இ என்று மட்டும் குறிப்பெழுதி, எந்த விவரமும் சொல்லாமல், முறை வந்தபோது வகுப்புக்குக் கொடுத்துவிட்டாள்.

அ அண்ணன். ஆ அவள். இ அப்பா.

அப்பா வெளியூர் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தார், வாயால். பேச ஆரம்பித்தால் வழியில் எந்த நிறுத்தத்திலும் நிற்கமாட்டார். வீட்டில் அவரைப் பற்றி ஒரு கேலி உண்டு. அம்மா இருந்த காலத்தில், "கொஞ்சம் கடைக்குப் போயிட்டு வரீங்களா?" என்று கேட்டால் அவர் சரி என்று சொன்னதாகச் சரித்திரமே இல்லை. "செருப்பு எங்க?" என்பார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பஸ் ஓட்டிப் பழகியவர். எங்கே கழற்றிப் போட்டார் என்பது அவருக்கு எப்போதும் தெரியாது. கல்யாணமோ, கடைத்தெருவோ, ஆஸ்பத்திரியோ, எங்கே கூப்பிட்டாலும் அதே பதில்தான். போக இஷ்டமில்லை என்றால் மட்டும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுவார்.

அம்மா போன மறுவருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான். கை கால் திரும்பிவிட்டது, நடந்தே வீட்டுக்கு வந்தார். "பேச்சு கொஞ்சம் மெதுவாத்தான் வரும். நீங்கதான் பொறுமையா இருக்கணும்" என்று டாக்டர் சொன்னார். அதை அவர்கள் ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொண்டார்கள். அது மருந்துச் சீட்டைப் போல ஓர் உத்தரவு என்பது அண்ணனுக்கும் உறைக்கவில்லை, பேச்சைப் பற்றியே பாடம் நடத்துகிற தங்கைக்கும் உறைக்கவில்லை.

வாய் ஓயாத மனிதர் ஓய்ந்துபோனார். எப்போதாவது வாயைத் திறந்தால் சம்பந்தமில்லாத ஒரு சொல் வந்து விழும். கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் கழித்து இன்று என்ன கிழமை என்று கேட்டால், "பரவாயில்லை" என்பார். அண்ணன் முதலில் சிரித்தான். பிறகு அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "புத்தி மங்கிட்டு வருதும்மா" என்றான்.

ஒரு நாள் காலை அவள் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில், பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்த அப்பாவிடம் கேட்டாள்: "அடுப்பை அணைச்சிட்டீங்களாப்பா?" பதிலில்லை. "சாவி உங்ககிட்ட இருக்கா?" "இல்லை" என்றார். மாற்றுச் சாவியை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பாத்திரம் கருகி, சமையலறைச் சுவர் கறுத்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். அப்பா ஒன்றும் ஆகாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப்பையில் இரண்டு சாவிகள் இருந்தன. இருக்கிற சாவியையே இல்லை என்கிறாரே என்று அவள் அழுதாள்.

அத்தோடு அண்ணன் முடிவெடுத்துவிட்டான். அவனுக்கு டைல்ஸ் கடை. எதையும் அளந்து, வெட்டி, ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவன். ஊரின் ஓரத்தில் முதியோர் இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்து இடம் சொல்லிவிட்டு வந்தான். "அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்ணா" என்றாள் அவள். சாப்பாட்டின்போது கேட்டார்கள். அப்பா 'ம்' என்றார். சம்மதம் வாங்கிவிட்டோம் என்கிற நிம்மதியோடு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட்டார்கள். வாசலிலேயே பணிப்பெண் அப்பாவின் செருப்பை வாங்கி, பெயரெழுதிய பையில் போட்டு எடுத்துப்போனாள். உள்ளே இருப்பவர்களுக்குச் செருப்பு தேவைப்படாதாம்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவள் போய் வந்தாள். பழம் உரித்துக் கொடுப்பாள், கல்லூரிக் கதையெல்லாம் சொல்வாள், சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, ஃபேன் ஓடுதா என்று மூச்சுவிடாமல் கேட்பாள். மௌனம் வந்துவிடக்கூடாது என்று அவளுக்குப் பயம். "ஐயா ரொம்ப சமர்த்துங்க, வாயே திறக்கறதில்லை" என்று பணிப்பெண் பாராட்டுவாள். அப்பாவைப் போய் ஒருவர் இப்படிப் பாராட்ட வேண்டியதாயிற்றே என்று திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு கனக்கும். இருந்தாலும் அவரே ஒப்புக்கொண்டதுதானே என்று மனதைத் தேற்றிக்கொள்வாள்.

பயிற்சித் தாள்கள் வந்து சேர்ந்தன. மத்தியான வேளை, ஆசிரியர் அறையில் மின்விசிறி சுற்றிய சுற்றுக்குத் தாள்கள் பறந்தன. மேலே பேப்பர் வெயிட்டாக அகராதியை வைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தாள். முதல் தாளில் எழுத்தெல்லாம் சுத்தமாக இருந்தது. ஆனால் அம்புக்குறிகள் கன்னாபின்னாவென்று சாய்ந்து கிடந்தன. 'அடுத்தடுத்த வரிகள்தான் ஜோடி. பாடத்தைக் கவனிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தாள். இரண்டாம் தாளும் அப்படியே. பார்த்து எழுதியிருக்கிறார்கள், கழுதைகள் என்று அதிலும் குறைத்தாள். மூன்றாவது தாள் வேறு வகுப்புப் பிரிவைச் சேர்ந்தது. அதிலும் அதே அம்புகள், அதே சாய்வு.

அந்தத் தாளை எழுதியவள் கடைசி வரிசைக்காரி. வகுப்பில் அவளுக்கு லவுட் ஸ்பீக்கர் என்று பெயர். ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டாள்.

"என்ன இது? யாருகிட்ட பாத்து எழுதின?"

"யாருகிட்டயும் இல்லை மேடம். அந்த இ இருக்காரில்ல, அவரு..."

"அவரு சம்பந்தமில்லாம பேசறாரு. அதுக்காக நீயா ஒரு கோடு..."

"சம்பந்தத்தோடதான் மேடம் பேசறாரு."

முற்றுப்புள்ளியின் வாக்கியத்தை அன்றைக்கு இன்னொருத்தி முடித்துவைத்தாள். அறையிலிருந்த மற்ற ஆசிரியர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"லேட்டா சொல்றாரு, அவ்ளோதான். முதல் கேள்விக்கு அவரு வாயைத் திறக்கறதுக்குள்ள இவங்க ரெண்டாவது கேள்வியைக் கேட்டுடறாங்க. அவரு பாட்டுக்கு முதல் கேள்விக்குப் பதில் சொல்றாரு. இவங்க அதை ரெண்டாவதுக்கு எடுத்துக்கறாங்க. கடைசிவரைக்கும் ஒரு கேள்வி தள்ளித் தள்ளியே ஓடுது மேடம். நாங்க எல்லாருமே கண்டுபிடிச்சோம்." பெண்ணுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இதைக் கண்டுபிடிக்கறாங்களான்னு பாக்கத்தானே நீங்க இந்த ரெக்கார்டிங்கைக் குடுத்தீங்க? சூப்பர் மேடம். எங்க தேடிப் புடிச்சீங்க?"

அவள் கையை மட்டும் அசைத்தாள், போகலாம் என்று.

தாளைத் திரும்ப எடுத்தாள். உருண்டையான கையெழுத்தில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

அ: அப்பா, அந்த இல்லத்துக்குப் போய் இருந்துக்கறீங்களா? நல்லா பாத்துப்பாங்க.

(மௌனம்)

அ: பாத்தியா, காதுலயே ஏறல.

ஆ: சோறு இன்னும் கொஞ்சம் போடட்டுமாப்பா?

இ: வேண்டாம்.

அ: அப்ப ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விட்டுடலாமாப்பா?

(மௌனம்)

இ: ம். கொஞ்சம்.

அ: சரின்னுட்டாரு. (நாற்காலி நகரும் சத்தம்)

ஆ: கை கழுவிட்டு வரீங்களாப்பா?

இ: ஏன்?

ஆ: ஏன்னா? சாப்பிட்ட கையோடவா போய்ப் படுப்பீங்க?

'வேண்டாம்' என்பதிலிருந்து கிளம்பிய அம்பு சோற்றுக்குப் போகவில்லை. அதைத் தாண்டி, இல்லத்துக்குப் போய் ஏறியிருந்தது. 'ம். கொஞ்சம்' என்பதன் அம்புதான் சோற்றுக்குப் போயிற்று. 'ஏன்?' என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு. அந்த 'ஏன்?' ஒரு கேள்வி ஆயிற்றே; ஆகையால் விதிப்படி அதிலிருந்தும் ஓர் அம்பு கிளப்பி, போக இடமில்லாமல் வெற்றுத்தாளில் நிறுத்தி, பக்கத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தாள்: பதில் இல்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு அப்பாவைத் தெரியாது. அவருக்குப் புத்தி மங்கிவிட்டது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. ஆகவே, ஒரு மனிதர் வாயைத் திறந்தால் ஏதோ அர்த்தத்தோடுதான் திறப்பார் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த மரியாதையைக்கூட, பெற்ற மகள் தரவில்லை.

ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். அப்பாவின் குரல் தெளிவாக இருந்தது. அவசரமில்லாத குரல். முன்பு அவரே சொல்வார்: "நிறைஞ்ச வண்டில பிரேக் போட்டா போட்ட இடத்துலயா நிக்கும்? கொஞ்சம் தள்ளித்தான் நிக்கும்." அந்தக் கருகிய பாத்திரமும் நினைவுக்கு வந்தது. அடுப்பை அணைத்தீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்று உண்மையைத்தானே சொன்னார்? அவள்தான் கேள்வியை மாற்றிப் பதிலைச் சாவிக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். இல்லை என்று சொல்லியாயிற்று, மகள் அணைத்துவிட்டுத்தான் போவாள் என்று அவர் இருந்துவிட்டார்.

எல்லாவற்றையும்விட ஒன்று அவளைப் போட்டுக் குடைந்தது. அன்றிரவு அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டிருக்கிறார். ம், கொஞ்சம் என்று கேட்ட மனிதரின் முன்னாலிருந்து அவள் தட்டை எடுத்துப்போய்த் தொட்டியில் போட்டாள். அரை வயிற்றோடு படுத்திருக்கிறார். அவள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சக ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல் அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிட்டு, எல்லாத் தாள்களுக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அண்ணனை இல்லத்தின் வாசலுக்கே வரச் சொல்லியிருந்தாள். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்த எரிச்சலில் நின்றான். மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துப் பதிவைப் போட்டுக் காட்டினாள், தாளையும் நீட்டினாள்.

"காலேஜ் பசங்க நாலு கோடு கிழிச்சாங்கன்னு அப்பாவைத் திருப்பிக் கூட்டிட்டுப் போகணுமா? நீதான் எதையும் ஓவரா யோசிப்ப. வேண்டாம்னு சொன்னது சோத்துக்குத்தான்மா."

"அப்ப கொஞ்சம்னு சொன்னது எதுக்கு? ஞாயித்துக்கிழமை கொஞ்சமா?"

அண்ணன் கைபேசியை வாங்கினான். பதிவைத் தானே ஒருமுறை போட்டுக் கேட்டான். 'சரின்னுட்டாரு' என்று தன் குரல் ஒலித்த இடத்தில் முகம் சுருங்கியது. அவசரக்காரனே தவிரக் கல்நெஞ்சுக்காரன் இல்லை அவன்.

"சரி, கூட்டிட்டுப் போறோம்னே வெச்சுக்க. பகல்ல யாரு பாத்துக்குவா? நீ காலேஜுக்குப் போயிடுவ, நான் கடைக்குப் போயிடுவேன்."

"அதை நாம அப்புறம் பேசிக்கலாம்ணா. ஆள் வெப்போம், ஏதாவது பண்ணுவோம். முதல்ல அவரை ஒழுங்கா ஒரு தடவை கேப்போம். இதுவரைக்கும் நாம கேக்கவே இல்லை."

"ஒருவேளை நிஜமாவே ஒண்ணும் புரியாம இருந்தா?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. இவ்வளவு வாரம் பதில் சொல்லிச் சொல்லி, எதுவும் போய்ச் சேராமல், அவரே பேச்சைக் கைவிட்டிருந்தால்? "நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். நீ நடுவுல வாயைத் திறக்கக்கூடாது" என்றாள்.

அப்பா கட்டிலின் ஓரத்தில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை யாரோ மாற்றிப் போட்டுவிட்டிருந்தார்கள். பாதங்கள் வெறுந்தரையில் இருந்தன. அவளைப் பார்த்ததும் கண்ணில் ஓர் அசைவு. வழக்கமாகக் கேட்கிற சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா எல்லாம் அவள் நாக்கு நுனிவரை வந்து நின்றன. விழுங்கிக்கொண்டாள். அவர் எதிரே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நம்ம வீட்டுக்கு வந்துடறீங்களா?"

கேட்டுவிட்டு நிறுத்தினாள். வாழ்நாளில் அவள் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வராண்டாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள், அந்தச் சத்தமும் தேய்ந்து மறைந்தது. கேக்கல, புரியல, இஷ்டம் இல்லை என்று அவள் வகுப்பில் மடக்குகிற மூன்று விரல்களும் நினைவுக்கு வந்து அவளைக் குத்தின. அண்ணன் செருமினான். "அப்..." என்று ஆரம்பித்தவனின் மணிக்கட்டை, திரும்பிப் பார்க்காமலே இறுகப் பிடித்தாள்.

பணிப்பெண் தட்டோடு உள்ளே வந்தாள். அவள் "ஐயா, டீ..." என்பதற்குள் அண்ணன் பாய்ந்து உள்ளங்கையைக் காட்டித் தடுத்தான். பணிப்பெண் பயந்துபோய், யாருக்கோ உயிர் போகிறது என்று நினைத்தவள் மாதிரி அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வெறித்த பார்வை இல்லை என்பது பக்கத்தில் இருந்து பார்க்கும்போது தெரிந்தது. உள்ளே ஒருவர் எங்கோ தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. இத்தனை நாளும் இந்த இடத்தில்தான் நாம் அடுத்த கேள்வியைப் போட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அப்பா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"செருப்பு எங்க?" என்றார்.

தட்டோடு நின்ற பணிப்பெண், "அது ஸ்டோர் ரூம்ல இருக்குங்க, வெளிய போறவங்களுக்கு மட்டும்தான்..." என்று இழுத்தாள். அண்ணன் அப்பாவிடம் ஏதோ கேட்க வாயெடுத்தான். கேட்காமல் மூடிக்கொண்டான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு முன்னால் தானே வேகமாக நடந்துபோய்ச் செருப்பை எடுத்துவந்தான். அப்பாவின் காலடியில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மாட்டிவிட்டான்.